வடித்தவள் யார்?

பத்துப்பாட்டில் ஒரு பீர் செய்முறை இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நாடிப் போகும் பாணன் வழியில் எங்கெல்லாம் தங்கலாம் என்று சொல்லிக்கொண்டு வரும்போது வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே தங்கினால் என்ன கிடைக்கும் என்று சொல்லப் புலவர் எட்டு அடிகள் எடுத்துக்கொள்கிறார். அந்த அடிகளின் செய்தியை இன்றைய பேச்சில் வரிசைப்படுத்தினால் இப்படி வரும்: தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்ட வேண்டும். வாயகன்ற தட்டில் பரப்பி ஈரம் வற்ற ஆறவிட வேண்டும். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் 'நல்லடை'யை அதில் கலக்க வேண்டும். இனிப்பு ஏற இரண்டு பகலும் இரண்டு இரவும் விட வேண்டும். வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போக முதிரவிட வேண்டும். வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்து, பிழிந்து வடிக்க வேண்டும். சுட்ட மீனோடு கொடுக்க வேண்டும்.

நல்லடை என்பதை நெல்முளை என்று கொள்வது உரைமரபு. முளைவிட்ட தானியத்துக்கு பீர் ஆலைகளில் மால்ட் என்று பெயர். அரிசி மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாகத் தின்னாது. முளைவிடும் தானியத்தில் ஊறும் நொதி அந்த மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்க வேண்டும். அதன் பிறகே சர்க்கரை சாராயமாகும். எனவே புளிப்பதற்கு முன் இனிக்க வேண்டும். பாட்டிலும் இனிப்பு ஏறுவது தனிப் படியாக வருகிறது. பனையிலோ தென்னையிலோ இறக்கும் கள்ளுக்கு இந்தப் படி தேவையில்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே அது சர்க்கரைத் தண்ணீர். இன்று கள் என்றால் மரத்துக் கள்தான் நம் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாட்டில் கள் பெரிய குடும்பம். தோப்பி, அரியல், நறவு, தேறல், பிழி, மட்டு என்று அதற்குள் பல பெயர்கள். அவற்றில் தோப்பி நெல்லில் வடிப்பது. அது வீட்டில் சமைத்தது என்றே பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது.

இவ்வளவு துல்லியமான செய்முறையில் ஆள் இல்லை. களி கிண்டியது யார், ஆறவிட்டது யார், இரண்டு இரவும் சாடியைக் கவனித்தது யார் என்பதற்கு அந்த எட்டு அடிகளில் விடை கிடையாது. அலைக்கும் விரல் இருக்கிறது, விரலுக்கு உரியவர் இல்லை. தொடர் 'பெறுவீர்கள்' என்ற பொருளுள்ள வினையில் முடிகிறது. வாங்கிக்கொள்ளும் பாணனும் அவன் சுற்றமும் மட்டும் தெளிவாகத் தெரிகிறார்கள்.

இதை அடுத்துச் சிறுபாணாற்றுப்படையைப் படிக்க வேண்டும். அதைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில், செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பேரூராட்சி. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் ஏறினால் புலவரின் ஊர்ப்பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை அவர் காட்டுகிறார். அது மரக்காணம் பக்கம் இருந்தது என்பது பலருடைய கருத்து. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரத் துண்டுகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. நுளைமகள் ஒருத்தி அவற்றை விறகாக்கித் தீ மூட்டுகிறாள். அவள் அரித்த தேறலைப் பரதவர் விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஆள் இருக்கிறாள். அவளுடைய தோள் எப்படி, முகத்தைக் கண்டு நிலா எப்படி ஏங்குகிறது, பார்வை எந்த ஆயுதம் போன்றது என்பதெல்லாம் இருக்கிறது. அவள் தொழிலுக்குக் கிடைப்பது 'அரித்த' என்ற ஒரு சொல். எதை வேகவைத்தாள், எத்தனை நாள் வைத்தாள், எப்படித் தெளியவைத்தாள் என்பது இல்லை. ஊற்றிக்கொடுக்கும் உரிமையும் ஆண்களுக்குப் போய்விடுகிறது. வருணனை மரபு அப்படித்தான் என்று சொல்லலாம். மரபு அப்படி இருந்ததால் நாம் இழந்த தகவல் என்ன என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. ஒரு பாட்டு தொழிலைச் சொல்லிப் பெண்ணை விட்டுவிட்டது. இன்னொரு பாட்டு பெண்ணைச் சொல்லித் தொழிலை விட்டுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு முழு மனுஷி கிடைக்கிறாள்.

மூன்றாவது இடம் மறுபடியும் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தை ஒட்டி வருகிறது. மாமல்லபுரத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட ஊர் அது. அங்கே கள் சமைக்கும் பெண்கள் என்றே புலவர் வெளிப்படையாகச் சொல்கிறார். ஆனால் அவர்கள் கள் சமைப்பதை நாம் பார்ப்பதில்லை. பார்ப்பது அவர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை. அந்தத் தண்ணீர் வழிந்து சேறாகிறது, சேற்றில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன, அவற்றோடு சேரவிடாமல் குழியில் அடைத்து நெல்மாவு ஊட்டிக் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் இறைச்சி விருந்தினருக்குக் கிடைக்கிறது. கூடவே முதிர்ந்த கள்ளும்.

உருத்திரங்கண்ணனாருக்குப் பெண்ணின் உழைப்பு தெரியாது என்று சொல்ல முடியாது. இதே பாட்டில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள், மோர் விற்றுக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள், நெய்யின் விலைக்குப் பொன்னை வாங்க மறுத்து மாடும் எருமையும் வாங்கிக்கொள்கிறாள். கடைவது முதல் முதலீடு வரை எல்லா வினைக்கும் அவளே எழுவாய். உமணர் வண்டிகளின் பின்னால் குழந்தையோடு எருதை ஓட்டிவரும் பெண்ணும் இருக்கிறாள். பாலுக்கும் உப்புக்கும் உழைத்தவள் எழுவாயாக நிற்கும் பாட்டில், அரிசியைப் புளிக்கவைத்தவள் மட்டும் ஏன் செயப்பாட்டுக்குள் மறைகிறாள்? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது ஒரு முதுகலை மாணவி.

*

அவள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் படிக்க வந்தவள். இளங்கலையில் நுண்ணுயிரியல், முதுகலையில் தமிழ். துறை மாறி வருகிறவர்களிடம் ஒரு நன்மை உண்டு: உரையில் 'நெல்முளை' என்று படித்ததும் நாம் குறிப்பில் எழுதிக்கொள்வோம், அவர்கள் நொதியை நினைப்பார்கள். "அம்மா, பனங்கள்ளா இருந்தா நுளைமகளுக்கு எதுக்கு அடுப்பு? அவளும் தானியத்தைத்தானே வேகவெச்சிருக்கணும்?" என்று கேட்டாள். எயிற்பட்டினத்து அடிகளை நான் படித்த எந்த விளக்கத்திலும் அந்த அடுப்பை யாரும் விசாரித்ததில்லை. கருத்து உறுதியானதா என்பது வேறு. தீ மூட்டிய செய்தி பாட்டில் இருக்கிறது. அதை அழகுக் காட்சியாக மட்டும் வாசித்து வந்திருக்கிறோம்.

பத்துப்பாட்டில் கள் சமைத்தலும் பெண் உழைப்பும் என்று தன் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்தாள். துறைக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு வேற தலைப்பே கெடைக்கலையாமா?" என்றார். முந்தைய ஆண்டு ஒரு மாணவன் சங்க இலக்கியத்தில் கள் வகைகள் என்று எழுதியபோது அதே கூட்டம் பாராட்டியிருந்தது. கள்ளைப் பட்டியலிடுவது புலமை. கள் சமைத்தவளைத் தேடுவது ஒழுக்கப் பிரச்சினை. தலைப்பில் 'உணவு பதப்படுத்தல்' என்று சேர்த்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது.

சமைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சுமேரிய மதுத் தெய்வம் நின்காசியைப் பற்றிய துதிப்பாடல் ஒன்று ஏறக்குறைய 3800 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகையில் கிடைத்திருக்கிறது. துதியே செய்முறையாகவும் இருக்கும் பாடல் அது. 1989இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலை அதைப் பின்பற்றி ஒரு பீர் காய்ச்சியது. நம்முடைய எட்டு அடிகளை அப்படி ஒருவரும் செய்து பார்க்கவில்லையா என்று கேட்டாள். இங்கே அதற்கு வழியில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குக் காய்ச்சினாலும், ஆராய்ச்சிக்குக் காய்ச்சினாலும்.

அவள் பாதி வழியில் நிற்க முடிவு செய்தாள். இனிப்பு ஏறும் வரை போவது, புளிக்கும் முன் நிறுத்துவது. அதுவரை அது வெறும் கஞ்சி. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வேர் எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி இடித்தாள். மாப்பிள்ளைச் சம்பாவில் களி கிண்டி, விரல் பொறுக்கும் சூட்டில் முளைமாவைக் கலந்து மூடிவைத்தாள். கரண்டி நின்ற களி சில மணி நேரத்தில் நீர்த்துவிட்டது. வாயில் வைத்தால் இனிப்பு. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடப் போடவில்லை. உடனே கொதிக்கவைத்து இறக்கிவிட்டாள்.

அதை ருசி பார்த்த அவள் தாய், மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், "இதுக்காடி காலேஜு? உனக்குப் பல்லு மொளைக்கும்போது கேவுறு மொளகட்டி இப்படித்தான் கஞ்சி காச்சினேன்" என்றாராம். மாணவி அதை ஆய்வேட்டில் எழுதினாள். முளைகட்டிய தானியம் களியை நீர்க்கச் செய்து இனிப்பாக்கும் என்ற அறிவு பெரும்பாணாற்றுப்படை முதல் இன்றைய குப்பத்து அடுப்படி வரை பெண்களின் கையில் இருந்திருக்கிறது என்பதற்கு அவளுடைய முதல் தகவலாளி அவள் தாய்தான். இட்லி மாவைக் கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பதும், பழைய சோற்றுத் தண்ணீரை முகர்ந்தே அது முந்தா நாளையதா என்று சொல்வதும் அதே அறிவின் பக்கத்து வீடுகள்.

*

அந்தத் தாய் இன்னொன்றும் கேட்டார்: "உங்கப்பன் குடிச்சது போதாதா, நீ வேற அதப் படிக்கணுமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெண்ணியக் கட்டுரை எழுத முடியாது.

மதுவுக்கு எதிரான போராட்டம் இந்தியப் பெண்களின் பெரிய அரசியல் வரலாறுகளில் ஒன்று. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது ஆந்திரம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் 1983இல் தொடங்கி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. கடையை அகற்றச் சொல்லிச் சாலையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வருமானம் கடைக்குப் போவதையும், கடையிலிருந்து அடி வீட்டுக்கு வருவதையும் அவர்கள் தங்கள் உடம்பில் அறிந்தவர்கள். அவர்களுடைய கோபத்தை 'ஒழுக்கவாதம்' என்று தள்ளுவது நகரத்துச் சொகுசு.

2023 மே மாதம் இதே கடற்கரைப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். நுளைமகள் தேறல் அரித்ததாகச் சொல்லப்படும் கரையும், எக்கியார்குப்பத்தின் கரையும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக் கரைப்பான். அரிசியையோ முளைநெல்லையோ புளிக்கவைத்து ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் வராது. புளிக்கவைக்கும் அறிவும் பொறுமையும் இல்லாத வியாபாரம், ஆலையில் கிடைப்பதைத் தண்ணீரில் கலந்து பாக்கெட்டில் அடைத்தது. இதைச் சொல்வது கள்ளுக்கு வக்காலத்து வாங்க இல்லை. 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல்லுக்குள் வீட்டுப் பானையையும் விஷ வியாபாரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவதால், யார் கொன்றார்கள் என்பதே மறைந்துபோகிறது.

குடியைப் பற்றிய பேச்சில் நம் மொழி பெண்ணுக்கு இரண்டு இடங்களைத்தான் ஒதுக்கியிருக்கிறது. ஒன்று, குடியால் அழிகிறவள். இன்னொன்று, குடிக்கு எதிரான ஒழுக்கத்தின் அளவுகோல். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தாய் ஒருத்தி வருகிறாள். மகன் குடித்திருப்பதை அவளே பொறுக்கமாட்டாள் என்றால் சான்றோர் எப்படிப் பொறுப்பார்கள் என்பது வாதம். குடிப்பது மகன், வெட்கம் தெரிவது தாயின் முகத்தில். அந்த முகம் இன்றும் சுவரொட்டிகளில் அழுதுகொண்டிருக்கிறது. இந்த இரண்டு இடங்களும் உண்மையானவை. ஆனால் இரண்டிலும் மதுவின் ஆக்கம், லாபம், சட்டம் எல்லாம் ஆண்களுடையவை. பெண் விளைவை மட்டும் சுமக்கிறாள். செய்தவளாக அவள் இருந்த காலத்தை நினைவூட்டுவது, குடிப்பதற்கு அழைப்பு விடுப்பதாகாது. அந்தத் தொழில் அவள் கையை விட்டு எப்படிப் போனது என்று கேட்பது அது.

*

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை ஜூடித் பென்னெட் கேட்டார். 1996இல் வந்த அவருடைய நூல் 1300க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தைப் பார்க்கிறது. தொடக்கத்தில் ஏல் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதை விற்றார்கள். ஹாப்ஸ் சேர்த்த பீர் வந்ததும் சரக்கு நாள்பட நின்றது. தூரம் அனுப்ப முடிந்தது. பெரிய பாத்திரமும் பெரிய முதலும் தேவைப்பட்டன. முதல், கடன், சங்க உறுப்பினர் பதவி, அரசு ஒப்பந்தம் எல்லாம் ஆண்களுக்கு எட்டின. கூடவே, ஏல் விற்கும் பெண் அழுக்கானவள், ஏமாற்றுக்காரி என்ற கேலிப் பாட்டுகளும் பெருகின. 1600 வாக்கில் தொழில் ஆண்களுடையதாகிவிட்டது.

நம் பக்கத்து வரலாற்றை இதே அச்சில் வார்க்கக் கூடாது. சாதி, காலனி ஆட்சி இரண்டும் இங்கே வேறு கணக்குப் போட்டன. ஆனால் ஒரு திருப்பம் தெளிவானது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது தயாரிப்பையும் விற்பனையையும் உரிமத்துக்குள் கொண்டுவந்து அரசு வருவாயாக்கியது. உரிமம் எடுக்கப் பணம் வேண்டும், பெயர் வேண்டும், கச்சேரியில் போய் நிற்க வேண்டும். மிஞ்சிய கஞ்சியைப் புளிக்கவைத்த பெண்ணுக்கு அந்த வாசலில் இடமில்லை. அவள் வேலை அன்று முதல் திருட்டு வேலை. பிறகு மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1987இல் கள்ளும் தடையானது. ஆட்சியும் கொள்கையும் மாறி மாறி வந்தன. உரிமம் பெற்ற ஆலை, உரிமம் இல்லாத குற்றவாளி என்ற பிரிவு மட்டும் மாறவில்லை. ஜார்க்கண்டின் சந்தைகளில் ஆதிவாசிப் பெண்கள் ரானு மாத்திரை போட்டுப் புளிக்கவைத்த ஹண்டியாவை இன்றும் விற்கிறார்கள். அந்தப் பெண்களை வேறு பிழைப்புக்கு மாற்ற அந்த மாநில அரசு 2020இல் ஒரு திட்டமே தொடங்கியது. அந்த விற்பனையில் வறுமையும் அவமானமும் உண்டு என்பது உண்மை. அவர்கள் கையில் ஒரு நொதித்தல் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதும் உண்மை. திட்டம் முதல் உண்மையைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது.

படித்த பெண்ணுக்கும் இதே கதவுதான். பெங்களூரில் விலங்கியல் படித்த கிரண் மஜும்தார், ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் மால்ட் தயாரிப்பும் பீர் காய்ச்சுதலும் படித்து 1975இல் தேர்ந்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண், முதலிடமும் அவருக்கே. அவர் தந்தை யுனைடெட் புரூவரீஸின் தலைமை பீர் வல்லுநர். இவ்வளவு இருந்தும் இந்தியாவில் எந்த ஆலையும் அவரைத் தலைமைப் பொறுப்பில் வைக்கத் தயாராக இல்லை. ஆண்களின் வேலை என்றார்கள். 1978இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் பயோகானைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே தயாரானவற்றில் ஒன்று பப்பாளியிலிருந்து எடுக்கும் நொதி. இன்னொன்று மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும், பீரைத் தெளியவைக்கும் பொருள். பீர் ஆலை உள்ளே விடாத பெண், அந்த ஆலைகளுக்குத் தேவையானதைச் செய்து மேலே வந்தார். இதை நாம் தொழில்முனைவோர் வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். பீர் காய்ச்சக் கற்ற ஒரு மாணவியின் கதை என்று தொடங்கினால், ஓர் ஆலை இழந்த வல்லுநரும் அதில் தெரிவார்.

*

என் மாணவி இப்போது பெங்களூரில் வேலை செய்கிறாள். அங்கே பீர் காய்ச்சிப் பரிமாறும் விடுதிகள் உண்டு. அலுவலக நண்பர்களோடு முதல் முறை போனபோது அவள் கேட்ட பீரைப் பணியாள் பக்கத்து நாற்காலி ஆணின் முன்னால் வைத்தார். அவர் கேட்ட எலுமிச்சை சோடா இவள் முன்னால் வந்தது. இருவரும் கோப்பைகளை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். நுரை, நிறம், மணம், நாக்கில் முதலில் படுவது, தொண்டை இறங்கிய பின் தங்குவது என்று ஐந்து பத்திகள் போட்டு எழுதுகிறாள். ஒரு சிறு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கிறார்களாம்.

குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. கோதுமை பீருக்கு, பூவன் பழம் தோல் கறுக்கும் நாளின் வாசனை, பின்னால் கிராம்பு. கறுப்பு பீருக்கு, காப்பிக்கொட்டை வறுபட்டுக் கருகப்போகும் நொடி, கருப்பட்டி அடி. ஹாப்ஸ் மிகுந்த ஒன்றுக்கு, வேப்பம்பூ ரசத்தின் கசப்பு, நார்த்தங்காய்த் தோல். புளிப்பு பீர் ஒன்றுக்கு, மூன்றாம் நாள் நீராகாரம். இந்தச் சொற்கள் எந்த பீர் கையேட்டிலும் இல்லை. சமையலறையிலிருந்து வந்தவை. குடிகாரனின் மொழி போதையின் அளவைச் சொல்லும். இது சுவையின் அளவைச் சொல்கிறது.

இதற்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். புறநானூற்றில் ஔவையார் அதியர் மரபின் பொகுட்டெழினி தந்த தேறலைப் பற்றிப் பேசும்போது, நாள்பட்ட அந்தத் தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதோடு ஒப்பிடுகிறார். ஊற்றித் தந்த பொற்கலத்தைக் கோளோடு ஒப்பிடுகிறார். முதிர்ச்சி, உறைப்பு, கலம் மூன்றையும் கவனித்துச் சொன்ன சுவைக் குறிப்பு அது. சொன்னவர் பெண், புலவர், விருந்தினர். அதியமான் இறந்தபோது பாடிய கையறுநிலையிலும் ஔவை முதலில் நினைப்பது அவனோடு கள்ளைப் பகிர்ந்த நாட்களைத்தான். ஆனால் பாட்டி உருவத்தில் ஆத்திசூடி சொல்லும் ஔவையே நம் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்கிறார். இருவரும் வேறு வேறு காலத்தவர் என்று ஆராய்ச்சி சொல்கிறது. பொதுநினைவு அவர்களை ஒன்றாக்கியபோது தேறலை ருசித்தவரைக் கழுவி எடுத்துவிட்டது.

சங்க காலத்துப் பெண்கள் சுதந்திரமாகக் குடித்தார்கள் என்று பொற்காலக் கதை கட்டவும் இதைப் பயன்படுத்த வேண்டாம். துறைமுகத்துப் பெண்கள் பாத்திரம் கழுவிய சேற்றில் பொற்கலம் இல்லை. அரசவையில் அமர்ந்து தேறலுக்கு உவமை சொன்ன புலவரும், அடுப்பு முன் புகையில் நின்று அரித்த நுளைமகளும் ஒரே வர்க்கத்தவரில்லை. ஒருவரின் சொல் மிஞ்சியது, இன்னொருவரின் செய்கை மிஞ்சியது. பெண் என்ற ஒரே சொல்லால் இருவரையும் மூடிவிட்டால் மறுபடியும் மறைவது வடித்தவள்தான்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு மூன்று வேலைகள் சொல்லலாம். பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடிப் பகுதியையும், ஆய்மகள் பகுதியையும், சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடி ஓரத்தில் எழுதுங்கள், இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுங்கள். 'கள்ளின் வகைகள் யாவை' என்று கேட்கும் வினாத்தாளில் 'அவற்றைச் சமைத்தவர் யார், பாடல் எவ்வாறு சொல்கிறது' என்று ஒரு கிளைக்கேள்வியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். கோவளம் முதல் மரக்காணம் வரை உள்ள குப்பங்களிலும் பாலாற்றங்கரை ஊர்களிலும் புளிக்கவைத்தல், முளைகட்டுதல், ஊறவைத்தல் பற்றித் தெரிந்த மூத்த பெண்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்களில் யாராவது ஒரு காலத்தில் பானை வைத்ததைச் சொன்னால், ஊரையும் பேரையும் எழுதாதீர்கள். செய்முறையை மட்டும் எழுதுங்கள். சட்டம் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கும் வரை, அவள் பெயரை மறைப்பது நம் பொறுப்பு. உருத்திரங்கண்ணனார் ஏன் மறைத்தார் என்பதற்கு அப்படி ஒரு காரணம் பாட்டில் இல்லை.